மீசையில்லாமல் கனடாவுக்குள் போன விவரம்

மண்டி மொஹல்லா, மைசூர்.
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின்.

என் மரியாதைக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய பெரிய மச்சான், ஹனூர் சித்தையன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை பாப்பாயியைக் கட்டிக்கொண்ட ரத்தினசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் இவ்விடம் நாங்கள் இருவரும் சௌக்கியம். என் தலைமுடி சீப்புக்கு அகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது. மீசை இன்னும் பழைய நிலைமைக்கு வரவில்லை என்றாலும் அதுவும் சௌக்கியம்தான். அவ்விடம் உங்கள் உடம்பு, அக்காவின் முட்டிவலி, சினையாக இருக்கிற மாடு, கிணற்று மோட்டார் எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது உங்கள் தங்கை வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

நிற்க, போன வாரம் நீங்கள் போன் செய்து, கனடாவில் இருக்கிற உங்கள் மகன் கவின்ராஜ் ஏற்பாட்டில் உங்களுக்கும் விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம் என்று சொன்னதில் எங்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏன் மாப்ள, அங்க எறங்குனதும் ஆபீசருங்க துணியெல்லாம் உருவி நிக்க வெப்பாங்களாமா, ஒரு பதில் தப்பாச் சொன்னாக்கூட அதே ஏரோப்பிளேன்ல திருப்பி ஏத்திப்போடுவாங்களாமா, நெசமா?" என்று கேட்டீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சுருக்கமாக முடித்துக்கொண்டதற்குக் காரணம், நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், பின்னால் டீக்கடைத் தொட்டையன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. எனக்கு நடந்ததை அந்தக் கடையில் ஒலிபரப்ப எனக்கு விருப்பமில்லை. ஆகையால்தான் தபால். இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும். அந்தத் துணி உருவுகிற கதையை உங்களுக்குச் சொன்னதும் தொட்டையனாகத்தான் இருக்கும், நான் கிளம்பும்போது எனக்கும் அவன்தான் சொன்னான். அவன் கொள்ளேகாலம் கோர்ட்டைத் தாண்டி எங்கும் போனவனில்லை என்பதை நீங்களும் நானும் அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, கனடாவில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் தமிழ்ப்ரியாவுக்கு முதல் இரண்டு தடவையும் கரு தங்கவில்லை. மூன்றாவது தடவை தங்கி, மாதம் ஏறி, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று அந்த ஊர் டாக்டர் தேதியும் குறித்த பிறகு, பிள்ளைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போனில் அழுதாள். "அம்மா, நீங்க வந்து என் கையப் புடிச்சாத்தான் நான் உள்ள போவேன்" என்றாள். மாப்பிள்ளை பிரசாந்த் எவ்வளவோ தைரியம் சொல்லியும் கேட்கவில்லை. நாங்கள் விசாவுக்கு எழுதிப்போட்டுவிட்டு, வருமா வராதா என்று சோறு இறங்காமல் கிடந்தோம். அப்போது உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாதேஸ்வரனுக்கு என் முடியை நேர்ந்துவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்க முடிதானுங்க, ஊரான் முடியா" என்றாள். விசாவும் வந்தது. திரும்பி வந்து சாவகாசமாக மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப்பார்த்தேன். "சாமிக்குக் கடன் வெச்சுட்டுக் கடல் தாண்டப்படாதுங்க" என்று சொல்லி, கிளம்புகிற வாரத்திலேயே என்னைக் கொள்ளேகாலம் பஸ்ஸில் ஏற்றி மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அங்கே தலையை முடித்த நாவிதர் கத்தியை நிறுத்தி, "மீசேனூ தெகீலா?" என்று கன்னடத்தில் கேட்டார். மீசையையும் எடுத்துவிடட்டுமா என்று. நான் அவரை உட்காரச் சொல்லி, வேண்டுதலில் சொன்னது முடி, மீசை என்பது வேறு இலாகா, அதற்குத் தனியாக வேண்டியிருந்தால்தான் செல்லும் என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன். உங்கள் தங்கை, "முடின்னா முடிதானுங்க. மீசை என்ன, கோரைப்புல்லா?" என்று கேட்டுவிட்டு நாவிதரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் வாயை மூடுவதற்குள் இடது பக்கம் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பழக்கமில்லாத ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என் மேலுதடு அவ்வளவு நீளம் என்று எனக்கே அன்றுதான் தெரியும். மொட்டையோடு என்னைப் படம் எடுக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு உமேஷிலிருந்து எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இங்கேதான் மச்சான், நாங்கள் கோட்டைவிட்டோம். என் பாஸ்போர்ட் போட்டோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தேவராஜ மொஹல்லாவில் எடுத்தது. தலைக்கு மை போட்டு, மீசையை முறுக்கி, அந்த ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதுபண்ணி வாசலில் மாட்டி வைக்கிற அளவுக்கு எடுப்பாக விழுந்த படம். படத்தில் இருக்கிற ஆள் ஒருத்தன், பயணம் போகிற ஆள் இன்னொருத்தன் என்று எனக்குத் தோன்றவில்லை, பாப்பாயிக்குத் தோன்றவில்லை, வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு வந்த ஒறம்பரைச் சொந்தக்காரர் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் பக்கத்தில் மொட்டையடித்தவனைப் பார்த்து யாராவது வேறு ஆள் என்று நினைப்பார்களா? மலைக்குப் போய்வந்திருக்கிறான் என்றுதானே நினைப்பார்கள். பெங்களூரில் கிளம்புகிற இடத்தில் இருந்த ஆபீசரும் பாஸ்போர்ட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஏன்ரீ இது?" என்று கேட்டார். "மாதப்பனிகெ கொட்டித்தீனி சார்" என்றேன், மாதேஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுத் தெய்வமும் அவர்தான் என்று சொல்லி முத்திரை குத்தி அனுப்பினார். இமிக்ரேஷன் என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் மாப்பிள்ளை எழுதியனுப்பிய இங்கிலீஷ் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தேன். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் எல்லாம் இருந்தது. மீசையைப் பற்றி அதில் கேள்வி இல்லை.

வழியில் மாறி ஏறவேண்டிய விமானம் தாமதமாகி, முந்தின நாள் போய்ச் சேரவேண்டிய நாங்கள் ஆபரேஷன் அன்று காலையில்தான் அங்கே இறங்கினோம். இறங்கினதும் ஒரு மிஷின் முன்னால் நிற்கச் சொன்னார்கள். பாப்பாயியை அது உடனே ஒத்துக்கொண்டு சீட்டு கொடுத்துவிட்டது. எனக்குக் கொடுத்த சீட்டில் குறுக்கே ஒரு பெரிய கோடு. கவுண்டரில் இருந்த பையன் ஆபீசர், நம் கவின்ராஜ் வயதுதான் இருக்கும், போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டார். "மீ" என்றேன். அவர் போட்டோவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை, ஆனால் பதில் தயாராக இருந்ததால் எதற்கு வந்தேன், எத்தனை நாள், எங்கே தங்குவேன் மூன்றையும் வரிசையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விரலை வைக்கச் சொன்னார். மச்சான், நான் ஆயுசு முழுக்கச் சுண்ணாம்புக் கடை வைத்திருந்தவன். என் விரல் நுனியில் ரேகை என்று சொல்ல என்ன இருக்கிறது? ரேஷன் கடை மிஷினிலேயே பாப்பாயி விரல் வைத்துத்தான் எனக்கும் அரிசி வாங்குகிறோம். விசா ஆபீசில் இருந்த பெண்ணும் துடைத்துத் துடைத்து அழுத்தி, வந்தவரைக்கும் போதும் என்று விட்டிருந்தாள். அந்தப் பையனும் கண்ணாடியைத் துடைத்தார், என் விரலைத் துடைத்தார், திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "சாரி சார்" என்று அவர் சொல்கிறார். தப்பு என் கையில், மன்னிப்பு கேட்கிறது அவர். நம் ஊரில் ஒரு ஆபீசில் நம்மிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். பாப்பாயியின் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, அவள் போகலாம் என்று கையைக் காட்டினார்கள். நான் அவளிடம், "நீ போ, புள்ள காத்திட்டிருக்குது" என்றேன். அவள், "நான் மட்டும் போயி என்னுங்க பண்றது. அப்பன் எங்கேன்னு கேப்பா. புடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னா அவ எப்படிங்க உள்ள போவா" என்றாள். சொல்லிவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.  மகள் கையைப் பிடிக்க இவ்வளவு தூரம் வந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே பிள்ளைக்கு நேரமாகிறது. இதெல்லாம் என் மேலுதட்டில் நாலு மயிர் இல்லாததால்.

அறைக்குள் போனதும் எனக்குத் தொட்டையன் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அவர்களாக உருவுவதைவிட நாமாகக் கழற்றிவிட்டால் மரியாதையாக இருக்கும், நேரமும் மிச்சமாகும் என்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய ஆபீசரம்மா, நரைத்த தலை, கழுத்தில் கயிறு போட்டுக் கண்ணாடி தொங்கவிட்டவர், பதறிப்போய் எழுந்தார். எனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று நினைத்து ஏசியை அதிகமாக வைத்தார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். வெளியே ஐஸ் விழுந்துகொண்டிருக்கிற ஊரில் திறந்த சட்டையோடு உட்கார்ந்து, அந்தம்மா மனசு நோகக் கூடாதே என்று அவ்வளவு தண்ணீரையும் குடித்தேன். நடுக்கம் பயத்தினாலா குளிராலா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்புறம் பாப்பாயி பொத்தானைப் போட்டுவிட்டாள்.

எங்கள் போனிலிருந்து அங்கே யாரையும் கூப்பிட முடியவில்லை. ஆபீசரம்மா தன் மேசை போனிலிருந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார், ஆஸ்பத்திரிக்குள் இருப்பதால் அவர் போனை அணைத்து வைத்திருந்தார். உங்கள் கவின்ராஜையும் கூப்பிட்டோம். அவன் இருக்கிற மூலையில் இன்னும் விடியவில்லையாம், எடுக்கவில்லை. அவனைத் திட்ட வேண்டாம். பிறகு அந்தம்மா வேறு எங்கோ பேசி, போனை மேசை நடுவில் வைத்தார். அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. யாழ்ப்பாணத்து அம்மா போல, அரசாங்கத்துக்கு மொழிபெயர்க்கிறவராம்.

"வணக்கம் ஐயா. அதிகாரி கேக்கிறதை நான் அப்பிடியே தமிழில சொல்லுவன். உங்கட மீசைக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா."

"சாமிக்குக் குடுத்துட்டேனுங்க" என்றேன்.

 பிறகு அவர் இங்கிலீஷில் சொன்னார். ஆபீசரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்குக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"இந்த நாட்டு விசா கெடைக்கோணும்னுங்க."

அதையும் சொன்னார். ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"விசா தந்தது நாங்கள், மீசை மட்டும் வேற ஆளுக்குப் போயிட்டுது எண்டு சொல்லுறா. பகிடிக்குத்தான் ஐயா, பயப்பிடாதேங்கோ."

நான் பயப்படவில்லை என்று சொன்னேன்.  அப்புறம் அந்தம்மா நிதானமாக விளக்கினார். எங்கள் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லையாம், ஆனால் உள்ளே விடுகிறவர் அவர், படத்தில் இருப்பவர்தான் இவர் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கையெழுத்துப் போட முடியுமாம், மீசையில்லாத பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் போனைத் திறந்து காட்டினேன். அதில் இருந்ததெல்லாம் ஒறம்பரை அனுப்பின குட்மார்னிங் பூக்கள்தான். மீசை முளைத்த நாளிலிருந்து நான் அதை எடுத்ததில்லை, அதற்கு முந்தி எங்கள் வீட்டில் யாரும் படம் எடுத்ததில்லை. இதைச் சொன்னபோது மொழிபெயர்க்கிற அம்மாவே "அப்ப ஒண்டுமே இல்லையோ ஐயா" என்று தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டார்.

இதையெல்லாம் பாப்பாயி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து என்னிடம், "சித்தே அக்கட்டால திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பினேன். ஊசி கழற்றுகிற சத்தம் கேட்டது. மச்சான், இதை உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நீங்கள் அவள் கூடப்பிறந்தவர். பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் பாப்பாயிக்கு இருக்கிற முடி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே யாருக்கும் கிடையாது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். நானும் அன்றிலிருந்து அதை நம்பி, பல இடங்களில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் அவள் கையில் முக்கால்வாசிக் கொண்டை இருக்கிறது. சவுரி. தலையில் மிச்சமிருந்தது ஒரு பாக்குக் கொட்டை அளவு. கல்யாணம் ஆன நாளாக எனக்குத் தெரியாமல் முடிந்து முடிந்து வைத்திருந்ததை, முன்பின் தெரியாத நாட்டில், கவர்மெண்ட் ஆபீசர் முன்னால் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தச் சவுரியை இரண்டாக மடித்து என் மொட்டைத் தலையில் வைத்தாள். வாலைக் காதோரம் இறக்கி மூக்குக்குக் கீழே கொண்டுவந்து, நுனியை நாக்கில் தொட்டு முறுக்கி, இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க தாயி" என்றாள். போனில் இருந்த அம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எதைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், "என்ன நடக்குது, ஒரு சத்தத்தையும் காணேல்லை" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஆபீசரம்மா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காதை உற்றுப் பார்த்தார், போட்டோவில் காதைப் பார்த்தார். பையன் ஆபீசரைக் கூப்பிட்டார். அவர் பார்த்தார். அவர் போய் இன்னொருத்தரைக் கூட்டிவந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை மச்சான், அதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாக எழுதுகிறேன், எல்லோரும் மரியாதையாக, வேலை மெனக்கெட்டு, நின்று பார்த்தார்கள். சவுரி முடி மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்து மீசை பறந்து மேசையில் விழுந்தபோதுதான் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் பாப்பாயி.

"கண் அதே கண்தானாம் ஐயா. போட்டோவிலயும் இதே மாதிரிப் பயந்துதான் பாத்துக்கொண்டிருக்கிறீங்களாம். ஓம் எண்டு சொல்லிட்டா" என்றது போன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களை அனுப்பியிருக்கலாம், அவர் வேலை அதோடு முடிந்தது. அந்தம்மா ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டு, தானே நம்பர் தேடி, தன் செல்போனில் ஒவ்வொரு ஆளாகப் பேசி, கடைசியில் போனைப் பாப்பாயி காதில் வைத்தார். அந்தப் பக்கம் நம் தமிழ்ப்ரியா. அம்மா வராமல் உள்ளே போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, எங்கம்மா இருக்கறீங்க?"

"ஆபீசரம்மா ரூமுல இருக்கறேன் சாமி. உங்கப்பனுக்கு மீசை வெச்சுட்டிருந்தேன். இதா, முடிஞ்சிருச்சு, வந்துட்டோம்."

 அப்புறம் சிரித்தாள் மச்சான். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. டாக்டரும் சரி என்று சொல்லி, வேறொருத்தரை முதலில் எடுத்துக்கொண்டு, இவளைக் காத்திருக்க விட்டார்களாம். மேசையில் இருந்த இன்னொரு போனில் யாழ்ப்பாணத்து அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இது அதிகாரி சொல்லேல்லை, நான் சொல்லுறன், பிள்ளைக்கு ஒண்டும் நடவாது, கெதியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தலையைச் சரிசெய்யாமல் பாப்பாயி எப்படி வெளியே வருவாள்? அதற்கும் அந்தம்மா கதவைச் சாத்தி, சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் அவளை நிற்கவைத்து, கொண்டை ஊசிகளைத் தன் வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சட்டையில் நட்சத்திரம் வைத்த அதிகாரி, என் பெண்டாட்டிக்கு ஊசி எடுத்துக் கொடுக்கிறார். அந்த அறைக்குள் நுழையும்போது மானம் போகப்போவது எனக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன்னுடையதை எடுத்து என் தலையில் வைத்தது உங்கள் தங்கை, அது போகாமல் திரும்பக் கட்டிவிட்டது அந்தம்மா. இந்த இரண்டு பேரையும் நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். பையன் ஆபீசர் எங்கள் பெட்டிகளைத் தேடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, டாக்சிக்காரரிடம் வழி சொல்லி, எனக்குக் கையும் கொடுத்தார். ரேகை இல்லாத கை என்று அவர் யோசிக்கவில்லை.

பாப்பாயி போய்ப் பிள்ளை கையைப் பிடித்தாள். பிள்ளை உள்ளே போனாள். மத்தியானம் பேத்தி பிறந்தாள், தாயும் சேயும் நலம் என்று உங்களுக்கு அன்றே போனில் சொன்னேன், எப்படி உள்ளே போனோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தலை நிறைய முடி. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் சொந்த முடி என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத்தான் இருந்தது.

ஆகையால் மச்சான், தொட்டையன் பேச்சைக் கேட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் பிள்ளைகுட்டி பெற்றவர்கள்தான். உண்மையைச் சொன்னால் மீசையைப் பற்றிக்கூடப் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டையை நீங்களாகக் கழற்ற வேண்டாம், அது ஒன்று. இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், உங்கள் தலையிலும் மீசையிலும் கத்தி படக்கூடாது. உங்கள் மீசை ஹனூர் தாலூகா முழுக்கத் தெரிந்த மீசை, பாஸ்போர்ட்டில் பாதிப் படம் அதுதான். எண்ணெய் போடுங்கள், முறுக்குங்கள், தினம் படத்தோடு ஒத்துப்பாருங்கள், ஆனால் நரைத்த ஒரு முடியைக்கூடக் கத்தரிக்க வேண்டாம். எந்த வேண்டுதலாக இருந்தாலும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், மாதேஸ்வரன் எங்கும் போய்விடமாட்டார். அக்காவுக்குச் சவுரி வாங்கவேண்டிய அவசியம் வராமல் நீங்கள் பத்திரமாகப் போய்வாருங்கள்.

அக்காவுக்கும் உங்கள் மகள் மோகனப்ரியாவுக்கும் எங்கள் அன்பு. மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும். உங்கள் பாதையில் வருகிற ஆபீசர்கள் எல்லோருக்கும் நல்ல தூக்கமும் நல்ல மனசும் அமைய வேண்டும். உங்கள் மீசைக்கு நூறு ஆயுசு என்று வாழ்த்தி வணங்கும்,

உங்கள் தங்கை புருஷன்,
ரத்தினசாமி.

பி.கு.: அண்ணா, நான் பாப்பாயி எழுதறனுங்க. தபால்ல போடச் சொல்லி எங்கையில குடுத்தாரு, ஒட்டறதுக்கு முந்திப் படிச்சுப் பாத்தேன். சவுரி சங்கதிய உங்களுக்கு எழுதக் கூச்சமாமா. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அதைக் கொள்ளேகாலத்துல வாங்கியாந்ததே நீங்கதான்னு அவருக்குச் சொல்லிப்போடாதீங்க, பாவம். அப்பறம் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை நாளா யோசிச்சுட்டே இருந்தேன், இனி நாள் இல்லீங்க. அடுத்த வாரத் திங்கக்கிழமை காலைல கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க, நானும் வந்தர்றேன், நீங்க கடல் தாண்டறதுக்கு முந்தி மலைக்குப் போயிட்டு வந்துரோணும். அன்னைக்கு அவரை அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, இவரை விட்டாப் போதும் மாதப்பான்னு அங்கயே வேண்டிக்கிட்டேன். நேர்ந்துக்க அவருகிட்ட ஒண்ணும் மிச்சமில்லீங்கண்ணா, அதனால உங்க மீசைய நேர்ந்துட்டேன்.